விமானத்தை இழுத்த யானை

பழைய புகைப்படங்களின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மோகம் உண்டு. பத்திரிகைத் தொழில் தந்த நோய் அது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பிலுள்ள ஒரு படத்தை மட்டும் நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலப் புத்தளம். யானை ஒன்று பிரித்தானியக் கடற்படையின் ‘கோர்செயர்’ போர் விமானத்தை இழுக்கிறது. மணிக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் பறக்கவல்ல விமானம், யானையின் நடைக்கு நகர்கிறது.

இந்த விசித்திரம் நேர்ந்தது எப்படி?

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இலங்கையின் பாதுகாப்பைப் பிரித்தானியர் அவசரமாகப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கும்போது அவற்றின் விமானங்களைக் கரையில் வைத்துப் பராமரிக்கவும், விமானிகளுக்குப் பயிற்சியளிக்கவும் தளங்கள் தேவைப்பட்டன.

அவற்றுள் ஒன்று, புத்தளம் நகருக்குத் தெற்கே பாலாவிப் பகுதியில் 1943இல் இயங்கத் தொடங்கியது. விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் சூட்டுவது பிரித்தானியக் கடற்படையின் மரபு. புத்தளத்துக்கு வாய்த்த பெயர் ‘ராஜாலியா’. நம் ‘இராசாளி’யை உடனே நினைவூட்டும் சிங்களச் சொல் அது. அரக்கோணத்தில் 1992இல் இந்தியக் கடற்படை தொடங்கிய விமானத்தளத்தின் பெயரும் ‘ராஜாளி’ என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

ரயில் பாதை 1926இலேயே புத்தளத்தை எட்டிவிட்டது. ஆகவே தளம் வரை சாமான் வந்து சேர வழி இருந்தது. சிக்கல் தளத்துக்குள்ளேதான். காட்டை வெட்டி அமைத்த இடம். ஓடுபாதையை விட்டு விலகினால் வெறும் மண். மழை பெய்தால் சேறு. வெற்று எடையே 4 தொன் கொண்ட விமானத்தின் சில்லு அதில் புதைந்தால், மீட்க வரும் உழவு இயந்திரமும் கூடவே புதையலாம். யானையின் அகன்ற பாதமோ பாரத்தைப் பரப்பித் தாங்கும். நெருக்கடியான இடத்திலும் அது திரும்பும்.

இத்தீவின் யானைக்குப் போக்குவரத்து வரலாற்றில் பழைய பங்கு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் தெற்கே பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணம் வரை நடத்திச் செல்லப்பட்டு, இந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டன. அவை நீரேரியைக் கடந்த இடமே ஆனையிறவு என்பர். அன்று சரக்காக நடந்த யானை, 1940களில் சரக்கை இழுத்தது.

போர் 1945இல் முடிந்தது, ராஜாலியாவும் மூடப்பட்டது. படையணிகளின் எண்களும் விமானங்களின் வகைகளும் ஆவணங்களில் பத்திரமாக உள்ளன. பாகனின் பெயரை மட்டும் நான் எங்கும் கண்டதில்லை. யானை தானாக வந்து சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருக்காது அல்லவா?

இந்த மௌனம் பழங்கதை அன்று. 2000களில் கற்பிட்டியின் 14 தீவுகளைச் சுற்றுலாத் தலமாக்கும் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அதில் உள்நாட்டு விமான நிலையமும் இடம்பெற்றது. தங்கள் வாடிகளும் கரைவலைப் பாடுகளும் என்னாகும் என்று மீனவர்கள் கேட்டார்கள்; போராடினார்கள். வரைபடத்தில் ஓடுபாதை ஒரு கோடுதான். அந்தக் கோட்டின் கீழே எவருடையதோ காணி இருக்கிறது. எவரோ அதில் உழைக்கவேண்டியிருக்கிறது. அவர்களுடைய பெயர்களை அந்தந்தக் காலத்திலேயே எழுதிவைக்காவிட்டால், பின்னர் யானையின் படம் மட்டுமே மிஞ்சும்.

புத்தளத்து வாசகர்களே, ராஜாலியாவில் வேலை செய்த பாகரையோ கூலியாளரையோ பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதும் சொல்லியிருந்தால், தயவுசெய்து எழுதிவையுங்கள்.