தியாகபிரம்ம மகோத்சவ சபை

தியாகபிரம்ம மகோத்சவ சபை என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராஜ ஆராதனை விழாவை நடத்திவரும் அமைப்பு ஆகும். கருநாடக இசையைத் தொழிலாகக் கொண்ட கலைஞர்களும் காவிரிப் படுகையைச் சேர்ந்த நிலக்கிழார்களும் இதன் நிருவாகத்தில் பங்கேற்று வந்துள்ளனர். தனித்தனியே இயங்கிய மூன்று பிரிவுகள் 1940 ஆம் ஆண்டில் ஒன்றிணைந்ததன் விளைவாக இச்சபை உருவானது. இதன் வரலாறு பெரும்பாலும், விழாவில் யார் பாடலாம், யார் பாடக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எவரிடம் இருந்தது என்பது பற்றிய வரலாறே ஆகும்.

பின்னணி

கருநாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜர் (1767–1847) தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றில் கழித்தார். இறுதியில் துறவு பூண்டு 1847 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் காலமானார். அவரது உடல் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டது. சில பத்தாண்டுகளில் அவ்விடம் புதர் மண்டிப்போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மாணவர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் சமாதியைக் கண்டறிந்து செப்பனிட்டனர்.

அதுவரை சிராத்தச் சடங்காக மட்டுமே இருந்த நினைவு நாளை இசை விழாவாக மாற்றியவர்கள் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் ஆகிய உடன்பிறப்புகள் ஆவர். மறைவு நாளான புஷ்ய பகுள பஞ்சமி சனவரி அல்லது பெப்ரவரி மாதத்தில் வரும். படுகையில் சம்பா அறுவடை நடைபெறும் காலமும் இதுவே. களத்து நெல் வீடு வந்து சேரும் நாட்களாதலால், விழாவின் முதன்மைச் செலவாகிய அன்னதானத்துக்கு நெல் திரட்டுவது இக்காலத்தில் எளிது.

கட்சிகள்

விழா தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சகோதரர்களிடையே பிணக்கு ஏற்பட்டது. மூத்தவர் பக்கம் நின்றோர் பெரிய கட்சி என்றும் இளையவர் பக்கம் நின்றோர் சின்ன கட்சி என்றும் அழைக்கப்பட்டனர். இங்கு 'கட்சி' என்பது அரசியல் கட்சியைக் குறிப்பதன்று. வழக்கில் எதிரெதிர்த் தரப்பைக் குறிக்கும் பழைய பொருளிலேயே ஆளப்பட்டது. ஒவ்வொரு தரப்பும் தனித்தனியே நன்கொடை திரட்டியது. தனித்தனியே பந்தலிட்டு வித்துவான்களை அழைத்தது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சின்ன கட்சி ஆராதனை நாளுக்கு முந்தைய ஐந்து நாட்களிலும், பெரிய கட்சி ஆராதனை நாளன்று தொடங்கி அடுத்து வரும் நாட்களிலும் விழா நடத்தின. ஒரே மகானுக்கு ஒரே ஊரில் இரு விழாக்கள் நடந்தது இசை ஆர்வலர்களுக்கு வருத்தம் தந்தது எனினும், நாட்கள் கூடியதால் பாடுவோருக்கு வாய்ப்பும் கூடியது என்பதை மறுக்கவியலாது.

பல செய்திகளில் முரண்பட்ட இவ்விரு கட்சிகளும் ஒன்றில் மட்டும் உடன்பட்டிருந்தன. பெண்கள் சமாதியின் முன் பாட எந்தத் தரப்பும் இடமளிக்கவில்லை.

பெங்களூர் நாகரத்தினம்மாளும் பெண்கள் கட்சியும்

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தேவதாசி மரபில் வந்த பாடகி. தஞ்சை மராத்திய அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய இராதிகா சாந்துவனம் என்னும் நூலை 1910 இல் முழுமையாகப் பதிப்பித்து, அதன் பொருட்டுப் பிரித்தானிய அரசின் தடையை எதிர்கொண்டவர். எனவே திருவையாற்றுக்கு வரும் முன்பே எதிர்ப்பு அவருக்குப் புதிதன்று.

தியாகராஜரின் சமாதி சீரழிந்து கிடப்பதை அவருடைய ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா 1921 இல் கடிதம் மூலம் தெரிவித்தார். நாகரத்தினம்மாள் அந்நிலத்தைப் பெற்று, தம் சொந்தச் செலவில் கோயில் எழுப்பினார். இதற்கு அவர் கச்சேரிகளில் ஈட்டிய பொருளும் நகைகளும் செலவாயின. 1926 ஆம் ஆண்டு சனவரியில் குடமுழுக்கு நடைபெற்றது.

கோயிலைக் கட்டியவர் அவரே எனினும், அதன் முன் பாட அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. விழா நடத்தும் உரிமை கட்சிகளிடமும், கட்டடத்தின் உரிமை நாகரத்தினம்மாளிடமும் இருந்தன. இந்த முரண்பாடே அவருக்கு வலிமையாக அமைந்தது. அவர் பெண் கலைஞர்களைத் திரட்டிக் கோயிலின் பின்புறத்தில் தனி விழாவைத் தொடங்கினார். இது பெண்கள் கட்சி எனப்பட்டது. இதன்பின் பல ஆண்டுகள் திருவையாற்றில் மூன்று ஆராதனைகள் நடைபெற்றன.

ஒன்றிணைப்பு

இந்தியக் குடிமைப் பணி (ஐ.சி.எஸ்.) அலுவலரான எஸ். ஒய். கிருஷ்ணசுவாமியும், முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலிய வித்துவான்களும் மேற்கொண்ட முயற்சியால் 1940 ஆம் ஆண்டில் மூன்று தரப்பினரும் ஒரே அமைப்பின்கீழ் வர இசைந்தனர். 1941 முதல் ஒரே ஆராதனை நடத்தப்பட்டது. ஆண்களும் பெண்களும் ஒரே விழாவில் பாடலாயினர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கலைஞர்கள் அனைவரும் சேர்ந்திசைக்கும் வழக்கம் இக்காலத்தில் நிலைபெற்றது. எவர் முன்னே, எவர் பின்னே என்ற பூசலுக்கு இடந்தராத முறை என்ற வகையில் இது இசைநயத்தை விட நிருவாக நோக்கிலேயே பெரிய தீர்வு எனலாம்.

1946 சர்ச்சை

தமிழிசை இயக்கம் வலுப்பெற்றிருந்த சூழலில், 1946 ஆம் ஆண்டு ஆராதனையில் எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் ஒன்றைப் பாடினார். தியாகராஜரின் சன்னிதியில் அவருடைய உருப்படிகளே பாடப்பட வேண்டும் என்று கருதியோர் இதனை எதிர்த்தனர். திராவிட இயக்க இதழ்கள் அவ்வெதிர்ப்பைக் கடுமையாகக் கண்டித்தன. ஆராதனை என்பது ஒருவருடைய படைப்புகளைக் கொண்டே அவருக்குச் செய்யும் அஞ்சலி என்பது ஒரு வாதம். தமிழ்நாட்டின் நெல்வயல்களுக்கு நடுவே, தமிழ் மக்களின் நன்கொடையில் நடக்கும் விழாவில் தமிழுக்கு இடமில்லையா என்பது மறு வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு எனினும், தமிழ்ப் பாட்டினால் மேடை தீட்டுப்பட்டது என்பதாக அப்போது எழுந்த பேச்சே மக்களை மிகுதியும் புண்படுத்தியது.

நிருவாகம்

சபையின் பொறுப்புகள் ஊதியமற்றவை. பாடவரும் கலைஞர்களுக்கும் சன்மானம் வழங்கப்படுவதில்லை. அவர்கள் இதனைத் தொண்டாகவே கருதுகின்றனர். ஆகவே பொறுப்பாளர்களிடம் பகிர்ந்தளிக்க இருப்பது பணமன்று, நேரமே. புகழ்பெற்றவர்களும் முதன்முறை மேடையேறும் இளையோரும் சில நிமிடங்கள் மட்டுமே பாட முடியும். எவருக்கு எந்த நாள், எந்த நேரம் என்பதை முடிவு செய்வதே செயலாளர்களின் கடினமான பணியாகும். பஞ்சரத்தின சேர்ந்திசையை அகில இந்திய வானொலியும் தூர்தர்சனும் நேரடியாக ஒலி, ஒளிபரப்பத் தொடங்கியபின், முன்வரிசையில் அமர்வதற்கான போட்டியும் இதனுடன் சேர்ந்துகொண்டது.

வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் 2008 இல் மறையும் வரை ஏறத்தாழ 28 ஆண்டுகள் செயலாளராக இருந்தார். கபிஸ்தலம் நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்த அரசியல் தலைவர் ஜி. கே. மூப்பனார் (1931–2001) பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். கலைஞர் செயலாளராகவும், ஊர்ச் செல்வாக்கு உள்ளவர் தலைவராகவும் அமைவது படுகையின் கோயில், சபை நிருவாகங்களில் பொதுவாகக் காணப்படும் முறையாகும்.

அறக்கட்டளை

நாகரத்தினம்மாள் தம் உடைமைகளை அறக்கட்டளையாக எழுதிவைத்தார். தேவதாசிகள் உட்பட எல்லாப் பெண்களும் இங்குப் பாடவும் வழிபடவும் தடையின்றி இசைவளிக்கப்பட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை ஆகும். 1952 ஆம் ஆண்டு மே 19 இல் அவர் காலமானார். அவருடைய சமாதி தியாகராஜரின் சமாதிக்கு அருகிலேயே உள்ளது. அங்குள்ள அவரது சிலை தியாகராஜர் சன்னிதியை நோக்கி அமைக்கப்பட்டுள்ளது.