மஜூலி தீவு: வெள்ளம் வடிந்த பிறகுதான் உண்மையான ஆபத்து... ஏன்?

மழைக்காலம் வந்தால் அசாமின் மஜூலி தீவும் செய்தியில் வந்துவிடும். மூழ்கிய வயல், படகில் ஏற்றப்படும் மாடு என வருஷா வருஷம் அதே காட்சிகள்தான். ஆனால் வெள்ளத்தைவிட அங்கே பெரிய பிரச்னை மண் அரிப்பு. வெள்ளம் வந்தால் வடியும். வயலில் வண்டலையாவது விட்டுச்செல்லும். அரிப்பில் போன நிலம் போனதுதான். பட்டா கையில் இருக்கும், இடம் ஆற்றுக்குள் இருக்கும்.

தெற்கே பிரம்மபுத்திரா, வடக்கே சுபன்சிரி உள்ளிட்ட ஆறுகள். நடுவில் மஜூலி. 2016-ல் இது தனி மாவட்டமானது. நதித் தீவு ஒன்று மாவட்டமானது இந்தியாவில் அதுவே முதல்முறை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் பரப்பு சுமார் 1,250 சதுர கி.மீ. இன்று அதில் பாதிகூட இல்லை.

ஏன் இப்படிக் கரைகிறது?

1950 ஆகஸ்ட் 15 அன்று அசாம் - திபெத் பகுதியை 8.6 ரிக்டர் நிலநடுக்கம் உலுக்கியது. சரிந்த மலைகளின் மண் ஆற்றில் இறங்கி, படுகை மேடானது. ஆழம் குறைந்த ஆறு அகலமாகத் தொடங்கியது. மஜூலியின் கரையோ மணலும் வண்டலும்தான். தண்ணீர் ஏறும்போது கரை ஊறுகிறது. இறங்கும்போது தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் பாளம் பாளமாகச் சரிகிறது. வானம் வெளுத்த பிறகும் வீடு போவது இதனால்தான்.

இங்குள்ள மிசிங் பழங்குடியினர் மூங்கில் கால்கள் மேல் வீடு கட்டுவார்கள். பெயர் 'சாங் கர்'. வெள்ளத்துக்கு அது அருமையான பதில். ஆனால் கால் ஊன்றிய மண்ணே நழுவினால் என்ன செய்ய?

சத்ராக்கள் என்ன ஆயின?

சங்கரதேவர் தொடங்கிவைத்த வைணவ மரபின் மடங்களே சத்ராக்கள். சத்ரியா நடனம் வளர்ந்தது இவற்றில்தான். 60-க்கும் மேல் இருந்த இடத்தில் இப்போது இருபத்துச் சொச்சம்தான் மிச்சம். பல சத்ராக்கள் அக்கரைக்கு இடம்பெயர்ந்தன. சங்கரதேவரும் சீடர் மாதவதேவரும் முதலில் சந்தித்ததாகச் சொல்லப்படும் துவாஹாட் பகுதியையே ஆறு கொண்டுபோய்விட்டது. சாமகுரி சத்ராவின் மூங்கில் முகமூடிகளுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முகமூடியைப் படகில் ஏற்றிவிடலாம். அதை அணிந்து ஆடும் ஊரை ஏற்ற முடியாது.

தடுக்க என்ன நடக்கிறது?

2003-04 முதல் பிரம்மபுத்திரா வாரியம் கரைப் பாதுகாப்பைக் கவனிக்கிறது. மணல் நிரப்பிய பெரிய பைகளை அடுக்குகிறார்கள். 'முள்ளம்பன்றி' என்ற கான்கிரீட் கம்பச் சட்டங்களையும் ஆற்றில் இறக்குகிறார்கள். இவை நீரின் வேகத்தைக் குறைத்து மணலைப் படியவைக்கும். சில இடங்களில் பலன் உண்டு. ஆனால் பிரம்மபுத்திரா கிளை கிளையாகப் பிரிந்து திசை மாற்றும் ஆறு. ஒரு கரையை அடைத்தால் இன்னொன்றில் மோதும்.

இந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. சால்மோராவில் பெண்கள் சக்கரமே இல்லாமல் கையால் பானை வனைவார்கள். அதைப் படகில் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றுவது பழைய வழக்கம். களிமண் ஆற்றங்கரையை ஆழமாகத் தோண்டித்தான் கிடைக்கும். கரை பலவீனமாகும் என்று அதற்குத் தடை வந்தது. தடை நியாயமானதுதான். ஆனால் அவர்களின் தொழிலே அந்த மண்ணில்தான் இருக்கிறது.