குரு இல்லாத ஊரில் நூல்: தமிழ்க் கிறித்தவப் பக்தி நூல்களும் அவற்றை வாசித்த குரலும்

மயிலை சீனி. வேங்கடசாமி 1936-இல் வெளியிட்ட 'கிறித்தவமும் தமிழும்', கிறித்தவத்தால் தமிழுக்கு என்ன நன்மை விளைந்தது என்ற கேள்விக்கு விடை தேடிய நூல். அச்சு, உரைநடை, அகராதி என்று அவர் தொகுத்துத் தந்த விடைக்கு இன்றும் மதிப்புண்டு. பின்வந்த இலக்கிய வரலாறுகள் அவருடைய உழைப்பை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டன. அவற்றில் தேம்பாவணிக்கும் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் தனி இடம் கிடைக்கும். பரமார்த்த குருவின் கதைக்கு இரண்டு பத்தி கிடைக்கும். செபப் புத்தகமும் பாவசங்கீர்த்தனக் கையேடும் தபசுகால வாசகமும் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடும். தமிழுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் கண்ணில் இவை படாதது இயல்பு. விசுவாசிக்கு அந்த நூல் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் வரிசை தலைகீழாக மாறும்.

16 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை தமிழ் விசுவாசிகளுக்கென எழுதப்பட்ட நூல்களில் பெரும்பகுதி, குருவானவர் எப்போதாவது வந்துபோகும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவற்றைக் கையில் எடுத்தவர் ஒருவர், கேட்டவர்கள் ஊரார். அவற்றின் நடையையும் அமைப்பையும் இந்தச் சூழலிலிருந்துதான் விளக்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முத்துக்குளித்துறையில் இது அச்சுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பரதவர் 1535 முதல் 1537 வரை திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுக்கு மறையறிவு ஊட்ட ஆள் இல்லை. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஊருக்குப் புறப்படும்போது எழுத்துப்படி ஒன்றை விட்டுச்சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுக்க வேண்டும், ஞாயிறுதோறும் மக்கள் கூடிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதை நடத்தக் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவர்களுடைய சம்பளத்துக்குப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டுப் பெற்றார் என்பது சவேரியார் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. எழுதிய படி, அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு பொறுப்பாளர், கூடி நின்று திருப்பிச் சொல்லும் ஊரார் என்ற மூன்றும் இங்கேயே சேர்ந்துவிட்டன. அச்சு இந்த ஏற்பாட்டுக்குள் வந்து நுழைந்தது.

அண்டிரிக்கு அடிகளார் என்று தமிழில் வழங்கும் ஹென்றிக்கு ஹென்றிக்ஸ் அச்சிட்ட நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1578-இல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்'. 1579-இல் கொச்சியில் வினாவிடையாக அமைந்த 'கிரிசித்தியானி வணக்கம்'. 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கான 'கொம்பெசியோனாயரு'. 1586-இல் 600 பக்கங்களைத் தாண்டும் 'அடியார் வரலாறு'. இந்திய அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் முதல் நூலிலேயே நின்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு நான்கும் சேர்ந்த தொகுப்பே முக்கியமாகப் படுகிறது. நாள்தோறும் சொல்லும் செபம், கேட்டு விடைசொல்லும் பாடம், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம், திருநாளில் வாசிக்கப் புனிதர் கதை என்று ஓர் ஊரின் பக்தி ஆண்டு முழுவதும் இவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. அச்சுச் செலவுக்குப் பரதவரே பணம் கொடுத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் படிக்கத் தெரிந்தவர்கள் என்று கேட்டுக் குழம்பத் தேவையில்லை. கோயில் மணிக்குப் பணம் கொடுத்தவர் எல்லாரும் மணியடிப்பவரா?

'அடியார் வரலாறு' 1967-இல் இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாகத் தூத்துக்குடியில் வந்த பிறகு அதன் மொழியைப் பலர் ஆராய்ந்தனர். பேச்சு வடிவங்கள், கூறியது கூறல், நீண்ட இணைப்பு வாக்கியங்கள் ஆகியவற்றை வளர்ச்சி பெறாத உரைநடையின் குறையாகக் கொள்ளும் போக்கு உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணால் படிப்பவர் முந்தின வரிக்குத் திரும்பிப் போகலாம். கோயிலில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. சொன்னதை இன்னொரு முறை சொல்வது அவருக்காகத்தான்.

இயேசு சபையாரின் மதுரை மிஷனில் இந்த ஏற்பாடு இன்னும் வெளிப்படை. விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள் பரந்த நாட்டைச் சுற்றிவந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் சபையை நடத்தியவர்கள் வேதியர்கள் எனப்பட்ட உபதேசிமார். தேம்பாவணியை 1726-இல் முடித்த வீரமாமுனிவர், அடுத்த ஆண்டே அவர்களுக்காக 'வேதியரொழுக்கம்' எழுதினார். 3,615 பாடல்களில் காவியம் பாடிய கை ஓய்வெடுக்காமல் வேதியருக்கான உரைநடைக்குத் திரும்பியதை இலக்கிய வரலாறுகள் ஒரு திறமையின் இரு முகமாகப் புகழ்கின்றன. சபையின் கணக்கில் இரண்டும் ஒரே எடையல்ல. தேம்பாவணி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியில் அச்சேறும்வரை ஏட்டிலேயே கிடந்தது. அதைப் புலவர்கள் போற்றினார்கள், மறுப்பில்லை. ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டியவருக்கு உடனே வேண்டியிருந்தது மற்ற நூல்தான்.

இந்த வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று கடலுக்கு அப்பால் இலங்கையில் கிடைக்கிறது. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதைக் கொடிய குற்றமாக்கினர். 1687-இல் யோசப் வாஸ் அடிகளார் மறைவாக வந்து சேரும்வரை அங்கே குருவின் பூசையில்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. அவருக்குப் பின் 1705-இல் வந்த கோவாவைச் சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டேயிருந்தார். அவருடைய தமிழ் நூல்களில் 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒன்பது பிரசங்கங்களால் ஆனது.

பிரசங்கம் குருவின் வேலை. குருவைத் தேடிப் பிடிக்கும் நாட்டில் குருவின் பிரசங்கத்தை எழுதி ஊரில் விட்டுவைப்பது என்றால், அவருடைய குரலையே இன்னொருவரிடம் ஒப்படைப்பதாகும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதை வாங்கிக்கொண்டவர்கள் கோயில் செபத்தை நடத்திய அண்ணாவிமாரும் ஊர்ச் சபையின் பொறுப்பிலிருந்த மூப்பர்மாரும். தபசுகாலத்தில் அது வாசிக்கப்படுவதைக் கேட்டவர்களுக்கு, வாசிப்பு என்ற சொல் அங்கே போதாது என்பது தெரியும். இராகம் இழுத்து, புலம்பலின் சாயலில், கேட்பவர் கண் கலங்கும்படி அது ஓதப்படுகிறது. வாக்கியங்கள் விளிகளால் நிறைந்தவை. பாடுபடுகிறவரிடமும் தாயிடமும் கேட்டுநிற்கும் ஆன்மாவிடமும் மாறிமாறிப் பேசுகிறவை. அச்சில் படித்தால் மிகையாகத் தோன்றும் இந்த உத்தி, சாவீட்டு ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இயல்பானது. ஒல்லாந்தர் போனார்கள், தடைச்சட்டமும் போனது, குருமார் தட்டுப்பாடும் குறைந்தது, நூல் நிலைத்தது. குருவுக்குப் பதிலாக வந்தது, குரு வந்த பிறகும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதில் வலுவும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீர்திருத்தச் சபை மிஷனரி சீகன்பால்கு பள்ளிக்கூடத்தோடு தொடங்கினார். 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஒவ்வொரு விசுவாசியும் தானே வேதம் வாசிக்க வேண்டும் என்பது சீர்திருத்தச் சபையின் அடிப்படை. 19-ஆம் நூற்றாண்டின் துண்டுப்பிரதிச் சங்கங்களும் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் பள்ளிகளும், 1841-இல் தொடங்கிய உதயதாரகையும் படித்தவரையே நம்பி இயங்கின. தனி வாசகர் என்ற புதிய ஆள் இங்கே பிறக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் வாசிக்க ஊரார் கேட்கும் பழைய முறையை அவர் முழுதும் இடம்பெயர்த்துவிடவில்லை. சபைகள் பெருகிய வேகத்துக்கு ஐயர்மார் எனப்பட்ட போதகர்கள் போதாமல் இங்கும் உபதேசியாரே நாட்டுப்புறத்தைத் தாங்கினார். வீட்டுக் குடும்ப செபத்தில்கூடப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள்.

பாட்டுப் புத்தகம் இன்னும் நேரான சாட்சி. செர்மானியப் பாடல்களை அவற்றின் மெட்டோடு தமிழுக்குக் கொண்டுவர பப்ரிசியுஸ் போன்றோர் அரும்பாடு பட்டனர். ஞானப்பாட்டுகளாக அவை நிலைபெற்றன. அதற்கு இணையாக, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனையிலும் கும்மியிலும் குறவஞ்சியிலும் எழுதிக்கொண்டிருந்தார். சரபோசி மன்னரின் ஆதரவைப் பெற்ற இந்தச் சுவிசேட கவிராயருக்கு ஏடும் எழுத்தாணியும்போலப் பாடகர் குழுவும் ஒரு கருவி. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாடல்கள் உட்பட ஒரு கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்ட பிறகு, அவை மிஷன் எல்லைகளைத் தாண்டிப் பரவின. கீர்த்தனைப் புத்தகத்தின் பக்கத்தைப் பாருங்கள்: இராகப் பெயர், தாளப் பெயர், பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். மெட்டுக்கான சுரக்குறிப்பு வழக்கமாக இராது. மெட்டு தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையில் அச்சிடப்பட்ட புத்தகம் அது. அவர் இல்லையென்றால் புத்தகம் பாதி ஊமை.

கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ஜான் பனியனின் 1678-ஆம் ஆண்டு நூலைத் தழுவி, கம்பனில் ஊறிய ஒரு வைணவக் குடும்பத்துப் பண்டிதர் மதம் மாறிய பின் எழுதிய காவியம் அது. 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வந்து 1894-இல் நூலானது. அதன் கவித்துவத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. பனியனின் கதையைத் தெரிந்துகொள்ள விரும்பிய விசுவாசிகளுக்கு உரைநடை மொழிபெயர்ப்புகளே எளிதாக இருந்தன. காவியத்தின் விருத்தங்களைத் தேடிப்போனவர்கள் தமிழ் படித்தவர்கள். ஆனால் அதே காவியத்தின் நடுவே பண்ணோடு வரும் தேவாரப் பாடல்கள் நூலைவிட்டுத் தனியே கழன்று சபைக்குள் நடந்தன. இன்றும் ஆராதனையில் அவற்றைப் பாடுகிறவர்களில் பலருக்கு அவை ஒரு காவியத்தின் பகுதி என்பதே தெரியாது. இதைக் காவியத்தின் தோல்வி என்று சொல்லமாட்டேன். கேட்கவும் பாடவும் பழகிய சபை, தனக்கு வேண்டியதைத் தன் வழக்கப்படி எடுத்துக்கொண்டது.

இதை ஏற்றுக்கொண்டால் பதிப்பாசிரியரின் வேலை மாறும். வியாகுலப் பிரசங்கத்துக்குப் பாடபேதங்களை ஒப்பிட்டு ஒரு திருந்திய பதிப்பு கொண்டுவருவது எளிது. ஏடுகளும் பழைய அச்சுப்படிகளும் இருந்தால் போதும். எந்த நாளில் எந்தப் பிரசங்கம், எந்த இடத்தில் நிறுத்தம், எங்கே கூட்டம் செபத்தில் சேர்ந்துகொள்கிறது, எந்த வரியில் இராகம் மாறுகிறது என்பவை ஏட்டில் இல்லை, ஓதுகிறவர்களிடம் உள்ளன. மன்னாரில் ஓதப்படும் முறையும் யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஓதப்படும் முறையும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பதிவு செய்வது பாடபேதம் பார்ப்பதற்கு முந்திய வேலை. அதை நூலகத்தில் தொடங்க முடியாது. தபசுகாலத்தில், மூப்பரின் அனுமதியோடு, கோயிலில்தான் தொடங்க வேண்டும்.