அடமானமாகாத வீடுகள்: தேவ்நார்ப் பகுதித் தமிழரும் வீட்டுக்கடன் மறுப்பும்

முன்னுரை

மும்பைத் தமிழர் வரலாறு பெரிதும் தாராவியின் தோல் தொழிலையும் மாட்டுங்காவின் கல்வி நிறுவனங்களையும் மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. புலம்பெயர்ந்து வந்தோர் வீட்டுக்கடன் பெற இயலாமற்போன காரணம் அதில் போதிய இடம் பெறவில்லை. தேவ்நாரை உள்ளடக்கிய ‘எம்’ கிழக்கு வார்டை முன்வைத்து இக்கட்டுரை அக்காரணத்தை ஆராய்கிறது.

சான்றும் கடனும்

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி, அசையாச் சொத்தில் தமக்குள்ள உரிமையைக் கடனுக்கு ஈடாக மாற்றித் தருவதே அடமானம். உரிமை இல்லாதவர் அடமானம் வைத்தல் இயலாது. 1976இல் மகாராட்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் ‘போட்டோ பாஸ்’ வழங்கியது. அது குடியிருப்புக்குச் சான்றாயிற்றேயன்றி நிலத்துக்குப் பத்திரம் ஆகவில்லை. 1977இல் எச்.டி.எஃப்.சி. மும்பையில் தொடங்கப்பட்டது. அதன்பின் வளர்ந்த வீட்டுக்கடன், சம்பளச் சான்றும் பதிவுப் பத்திரமும் உடைய செம்பூர், மாட்டுங்கா அலுவலர்க்கு எட்டியது. குடிசைவாழ் கூலித் தொழிலாளர்க்கு எட்டவில்லை. இரு சாராரிலும் தமிழர் இருந்தனர். 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியரை வெளிப்படையாகவே எதிர்த்தது. கடன் விதிகளோ எவரையும் பெயர் சுட்டி விலக்கவில்லை. சான்று கேட்டே விலக்கின எனலாம்.

ஜனதா காலனி

பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியில் தமிழர் பலர் வாழ்ந்தனர். கணக்கெடுப்பு நடந்த அதே 1976ஆம் ஆண்டு மே மாதத்தில், நெருக்கடி நிலையின்போது அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். என்றும் அகற்றப்படலாம் என்னும் நிலையிலுள்ள வீட்டை எவ்வங்கியும் ஈடாக ஏற்காது. எனவே சீட்டும் நகை ஈடும் வட்டிக்கடனுமே சுவரும் கூரையும் ஆயின. ஜனதா காலனி மக்களின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். அவர் உருவாக்கிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு, 1986இல் தோன்றிய ‘மகிளா மிலன்’ பெண்கள் அமைப்புடன் இணைந்து சிறுசேமிப்பையும் அதன்வழிக் கடனையும் வளர்த்தது.

முடிவுரை

அமெரிக்காவில் 1930களில் கறுப்பினத்தவரும் குடியேறியோரும் வாழ்ந்த பகுதிகள் வரைபடத்தில் சிவப்பு வண்ணத்தால் குறிக்கப்பட்டன. 1975ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கடன் விவரங்களை வெளியிடுமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. மும்பையில் எல்லைக்கோடாக அமைந்தது நாள். இலவச மறுகுடியமர்வுக்கு முதலில் 1-1-1995, பின்னர் 1-1-2000 எனக் குறிக்கப்பட்ட நாள்களுக்குமுன் வந்தமைக்குச் சான்று காட்டவேண்டியவர் புலம்பெயர்ந்தவரே. ஆதலின் போட்டோ பாஸ், சீட்டுக் கணக்கேடு, சேமிப்புப் புத்தகம் ஆகியன அழியுமுன் தொகுக்கப்பட வேண்டும். மும்பைத் தமிழர் வரலாற்றுக்கு அவை முதன்மைச் சான்றுகளாகும்.