பழி சுமந்த ஊர்: கேம்டன் நகரும் அதன் கவிஞர்களும்

பாரதியார் கட்டுரைகளுள் 'நகரம்' என்று தலைப்பிட்ட சிறு கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்கக் கவி வால்ட் விட்மனைத் தமிழர்க்கு அறிமுகம் செய்த எழுத்துகளில் அதற்குத் தனியிடம் உண்டு. பெரிய நகரம் எது என்ற வினாவுக்கு விட்மன் தம் கவிதையொன்றில் கண்ட விடையைப் பாரதி அதில் தமிழாக்கித் தருகிறார். துறைமுகமும் மாட மாளிகையும் கடைவீதியும் ஓர் ஊரைப் பெரிதாக்கிவிடா. அங்கு வாழும் ஆணும் பெண்ணும் எத்தகையோர் என்பதே அளவுகோல் என்பது அவ்விடையின் சாரம். பின்னாளில் ந. பிச்சமூர்த்தியும் தம் புதுக்கவிதை முயற்சிக்கு விட்மனின் 'புல்லின் இதழ்க'ளே வித்து என்றார். ஆகவே தமிழ்க் கவிதையுலகம் விட்மனை நன்கறியும். அவர் கடைசிப் பத்தொன்பது ஆண்டுகள் குடியிருந்து, மறைந்து, அடக்கமான ஊரைத்தான் அவ்வளவாக அறியாது.

அவ்வூர் கேம்டன். நியூ ஜெர்சி மாநிலத்தில், டெலவேர் ஆற்றின் கீழ்க்கரையில், பிலடெல்பியா மாநகருக்கு நேரெதிரே ஒன்பது சதுர மைல் பரப்பில் கிடக்கும் சிறு நகரம். 2004, 2005 ஆண்டுகளில் ஒரு தனியார் பதிப்பகம் தொகுத்த பட்டியலில் அமெரிக்காவின் மிக ஆபத்தான நகரம் என்ற இடம் இதற்குக் கிடைத்தது. 2012ஆம் ஆண்டில், சுமார் 77,000 மக்கள் வாழ்ந்த இவ்வூரில் 67 கொலைகள் நடந்தன. ஊழலுக்காகத் தண்டனை பெற்ற மேயர்கள் மூவர். மாநில அரசு 2002இல் நகராட்சியின் பொறுப்பையும் 2013இல் பள்ளிகளின் பொறுப்பையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. பாலத்தின் வழியே பிலடெல்பியா செல்வோர் காரின் கதவைப் பூட்டிக்கொண்டு கடக்கும் ஊர் என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது.

இவை யாவும் உண்மை. ஆயினும், ஓர் ஊரின் பெயரைப் பெரும்பாலும் அதைக் கடந்து போகிறவர்களே சூட்டுகிறார்கள். குடியிருப்பவன் அதே ஊரை வேறொரு கண்ணால் காண்கிறான். அந்தக் கண் எதைக் கண்டது என்பதை அறியக் கேம்டன் வரலாற்றில் சான்றுகளுக்குக் குறைவில்லை. அவ்வூரின் குடிகளில் எழுதுகிறவர்கள் இருந்தார்கள்.

விட்மன் விரும்பிக் கேம்டன் வந்தவரல்லர். 1873 ஜனவரியில் வாஷிங்டனில் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. அவ்வாண்டு மே மாதம், கேம்டனில் தம்பி ஜார்ஜின் வீட்டிலிருந்த தாயார் மரணப் படுக்கையில் கிடந்தார். அவரைக் காண வந்த ஐம்பத்து மூன்று வயது மகன், தாயை அடக்கம் செய்தபின் உடலும் உள்ளமும் ஒடிந்து அங்கேயே தங்கிப் போனார். ஸ்டீவன்ஸ் தெருவில் தம்பி வீட்டில் பதினோராண்டுகள். 1882 ஜனவரியில் ஆஸ்கார் வைல்டு தேடிவந்து பார்த்தது அந்த வீட்டில்தான். அதே ஆண்டு பாஸ்டனில் 'புல்லின் இதழ்கள்' ஆபாச நூல் என்று அரசு வழக்கறிஞரால் எச்சரிக்கப்பட்டு, பதிப்பாளர் அதனைக் கைவிட்டார். பிலடெல்பியாவில் மறுபதிப்பு வந்தபோது தடையே விளம்பரமாகி நூல் நன்கு விற்றது. அந்த வருவாயோடு நண்பர் ஒருவரிடம் பெற்ற கடனையும் சேர்த்து, 1884இல் மிக்கிள் தெருவில் 328ஆம் எண்ணுள்ள சிறு மரவீட்டை 1,750 டாலருக்கு வாங்கினார். அறுபத்தைந்து வயதை நெருங்கும்போது அவர் தமக்கென்று வாங்கிய வீடு அது.

அண்டையில் இருப்புப்பாதை, ஓயாத இரயில் ஓசை. காற்று திரும்பினால் எருத் தொழிற்சாலையின் நாற்றம் வீட்டுக்குள் புகும். உலகப் புகழ் பெற்ற கவி இங்கு ஏன் கிடக்கிறார் என்று வந்தவர்களில் பலர் வியந்தார்கள். விட்மனுக்கு அந்த வியப்பு இல்லை. படகுத்துறையில் ஏறி ஆற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடப்பதும், படகோட்டிகளோடு பேசுவதும், குளிர்கால இரவில் பனிக்கட்டி மிதக்கும் நீரையும் விண்மீன்களையும் பார்த்து நிற்பதும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. கேம்டனில் பிறந்த ஹொரேஸ் டிராபெல் என்ற இளைஞர் 1888 முதல் நாள்தோறும் அவரைச் சந்தித்து உரையாடலைக் குறித்துவைத்தார். 'கேம்டனில் வால்ட் விட்மனுடன்' என்ற பெயரில் அக்குறிப்புகள் ஒன்பது தொகுதிகளாயின. முதல் தொகுதி 1906இலும் கடைசித் தொகுதி 1996இலும் வெளிவந்தன. இவ்வூருக்கு வந்தது தற்செயல், ஆனால் தங்கிப்போனதற்காக வருந்தப்போவதில்லை என்ற பொருள்பட முதியவர் பேசியது அவற்றில் பதிவாகியுள்ளது.

அதே தொகுதிகள் அவருக்கு எதிரான சாட்சியமும் தருகின்றன. எல்லா மனிதரும் சமம் என்று பாடிய அந்நாவு, முதுமையில் கறுப்பின மக்களைப் பற்றிச் சொன்னவற்றுள் படிக்கக் கூசுவன உண்டு. கவிதையில் எட்டிய உயரத்தை உரையாடலில் அவர் எட்டவில்லை. கேம்டனின் படகுத்துறையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க அடிமைகள் இறக்கி விற்கப்பட்டதையும் இங்கே நினைக்க வேண்டும். அதை நினைவுறுத்தும் பலகைகளை அத்துறையருகே நடுவதற்கு 2017 வரை காலம் பிடித்தது. வீட்டிலும் ஒரு கணக்கு நேராகவில்லை. மாலுமியின் விதவையான மேரி டேவிஸ் என்ற பெண்மணி 1885 முதல் விட்மனின் வீட்டைப் பேணி, தம் கைப்பொருளையும் அதில் செலவிட்டார். வீட்டு விலையைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட செலவில் கல்லறை எழுப்பிய கவிஞர் அப்பணத்தைத் திருப்பித் தரவில்லை. அவர் மறைவுக்குப் பின் அப்பெண்மணி நீதிமன்றம் சென்றே அதைப் பெற வேண்டியதாயிற்று. குடியிருப்பவனின் கண்ணுக்கும் மறையும் இடங்கள் உண்டு.

1892 மார்ச் 26இல் விட்மன் மறைந்தார். அடக்கத்தன்று மிக்கிள் தெரு வீட்டில் மூன்று மணி நேரத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் வந்து முகம் பார்த்துச் சென்றனர்.

அடுத்த அரை நூற்றாண்டு கேம்டனின் பொற்காலம். எழுத்தாளர் அறியவேண்டியது ஒன்று: அமெரிக்காவின் புகழ்பெற்ற எஸ்டர்புரூக் எஃகுப் பேனா முனைகள் செய்யப்பட்டது இவ்வூரில். 1869இல் இங்கே தொடங்கிய காம்பெல் நிறுவனம் 1897 முதல் சுண்டிய சூப்பை டப்பியில் அடைத்து நாடெங்கும் அனுப்பிற்று. 1901இல் விக்டர் கிராமபோன் நிறுவனம் தோன்றிற்று. குழாயின் முன் தலைசாய்த்து அமர்ந்த நாயின் படத்தைத் தமிழ்நாட்டில் அறியாத இசை ரசிகர் இரார். இந்தியாவில் அம்முத்திரையுடன் இசைத்தட்டு வெளியிட்டது ஆங்கிலேயக் கிராமபோன் கம்பெனி. அமெரிக்காவில் அதே நாய் விக்டருக்கு உரியது. கேம்டன் தொழிற்சாலைக் கோபுரத்தின் வண்ணக் கண்ணாடியில் அது இன்றும் அமர்ந்திருக்கிறது. ஆற்றோரத்தில் 1899இல் நிறுவப்பட்ட கப்பல் தளத்தில் இரண்டாம் உலகப் போரின்போது முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தனர். அணுசக்தியால் இயங்கிய முதல் வணிகக் கப்பலான 'சவானா' 1959இல் இங்கிருந்துதான் நீரில் இறங்கியது.

அந்தச் செழிப்பின் உச்சியில், 1931இல், 371 அடி உயர நகராட்சி மாளிகை எழுந்தது. அதன் முகப்பில் விட்மனின் வரியொன்றைச் சுருக்கிப் பொறித்தார்கள். வெல்லற்கரிய நகரைக் கனவில் கண்டதாகக் கூறும் வரி அது. 1860ஆம் ஆண்டுப் பதிப்பில் முதன்முதல் வந்த அச்சிறு கவிதையில், அந்நகரம் நண்பர்களின் நகரம். அதன் வலிமை அரணிலும் படையிலும் இல்லை, மனிதர் மனிதர்மேல் வைத்த அன்பில் இருக்கிறது. கல்லில் ஏறியது கனவும் வெற்றியும் மட்டும். நட்பு விடுபட்டது. மேற்சொன்ன மேயர்கள் மூவரும் இந்த எழுத்துகளின் கீழே நுழைந்துதான் பணிக்குச் சென்றார்கள்.

வீழ்ச்சியை ஒருவர் தலையில் கட்டிவிட இயலாது. தெற்கிலிருந்து கறுப்பின மக்களும் தீவிலிருந்து போர்ட்டோ ரிக்கோ மக்களும் வேலை தேடி வந்த அதே காலத்தில், வெள்ளையர் அரசின் கடனுதவி பெற்றுப் புறநகர்களில் வீடு வாங்கிப் போயினர். வந்தவர்கள் வாழ்ந்த தெருக்களை வங்கிகளின் வரைபடம் சிவப்பு மையால் விலக்கியது. 1967இல் கப்பல் தளம் மூடப்பட்டது. 1971 ஆகஸ்டில், போலீசாரால் அடிபட்ட போர்ட்டோ ரிக்கோ மனிதர் ஒருவரை முன்னிட்டு மூண்ட கலவரத்தில் கடைவீதி எரிந்தது. 1990இல் சூப் ஆலையும் மூடியது. நிறுவனத்தின் தலைமையகம் மட்டும் ஊரில் நின்றது. 1950இல் 1,24,555 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 71,791. வேலை போன இடத்துக்குப் பிறர் வேண்டாதவை வந்தன: சிறைச்சாலைகள், மாவட்டம் முழுவதற்குமான கழிவுநீர் நிலையம், குப்பை எரிக்கும் ஆலை. விட்மன் வீட்டுக்கு எதிர்ப்புறத்தில் இன்று நிற்பது மாவட்டச் சிறை.

இந்த இருண்ட காலத்தை உள்ளிருந்து எழுதியவர் நிக் வெர்ஜீலியோ. விட்மனைப்போல் வந்து தங்கியவரல்லர். 1928இல் கேம்டனிலேயே பிறந்தவர். முதல் உலகப் போரின்போது கப்பல் தொழிலாளர்க்கென அரசு கட்டிய ஃபேர்வியூ குடியிருப்பில் வாழ்ந்தார். 1960களின் தொடக்கத்தில் உள்ளூர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் ஜப்பானியக் கவிதை பற்றிய நூலொன்று கைக்கு எட்ட, அன்றுமுதல் ஹைக்கூவே அவர் வாழ்வாயிற்று. விட்மனைத் தமிழுக்குச் சொன்ன பாரதியே 'ஜப்பானியக் கவிதை' என்ற கட்டுரையில் ஹைக்கூவையும் அறிமுகம் செய்தார். அவர் கைகாட்டிய இரு வழிகளும் முன்பின் அறியாத கேம்டனில் வந்து கூடுவது வியப்பே.

வெர்ஜீலியோவின் தம்பி 1967இல் வியட்நாமில் கொல்லப்பட்டார். அத்துயரம் கவிஞரை இறுதிவரை விடவில்லை. தம்பியின் சாவைப் பாடிய அதே மூன்று சிற்றடிகளில் ஊரின் சாவையும் அவர் பாடினார். பாழ்வீடு, குடிகாரன், தெருவிளக்கு, தேவாலயப் படி என்று பிறர் விரைந்து கடக்கும் காட்சிகளின் முன் நின்று பார்த்தார். இரங்கவும் இல்லை, பழிக்கவும் இல்லை. ஹைக்கூ அவ்விரண்டுக்கும் இடம் தராத வடிவம். ஒரு கெட்ட பெயருள்ள ஊருக்கு இதனினும் நேர்மையான வடிவம் வாய்த்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது. 1989 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டியின் நடுவே மாரடைப்பால் அவர் மறைந்தார்.

அவர் சார்ந்திருந்த புனித இருதய ஆலயம் ஊரின் தென்கோடியில், மேற்சொன்ன கழிவுநீர் நிலையத்துக்கு அருகில் உள்ளது. 1974 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் அதன் பங்குத் தந்தையாயிருந்த மைக்கேல் டாயில் அயர்லாந்தில் பிறந்தவர். வியட்நாம் போரை எதிர்த்து 1971இல் கேம்டன் கூட்டரசுக் கட்டிடத்தில் படைச்சேர்ப்பு ஆவணங்களை அழிக்கப் புகுந்து கைதானவர்களைக் 'கேம்டன் இருபத்தெண்மர்' என்பர், அவர்களுள் ஒருவர். 1973இல் நடுவர் குழு அனைவரையும் விடுவித்தது. பின்னர் அவர் மாதந்தோறும் ஊரைப் பற்றிக் கடிதம் எழுதி வெளியூர் அன்பர்க்கு அனுப்பிவந்தார். அக்கடிதங்களில் நாற்றமும் உண்டு, ரோஜாவும் உண்டு. 1984இல் அவர் தொடங்கிய அமைப்பு இடிந்த வீடுகளைச் செப்பனிட்டு ஏழைகளுக்கு உடைமையாக்கிற்று. ஆண்டுதோறும் கொலையுண்டோர் பெயர்களை ஒவ்வொன்றாக ஆலயத்தில் வாசிக்கச் செய்தார். பட்டியலுக்கு எண் போதும். குடியிருப்பவனுக்கு அந்த எண் ஒரு பெயர். பெரும்பாலும் அடுத்த தெருப் பிள்ளையின் பெயர். 2012இல் நகராட்சி மாளிகையின் முன்னே, விட்மனின் கனவு பொறித்த சுவருக்கு எதிரே, கொலையுண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவை என்று ஊரார் நட்டபோது செய்ததும் அதுவே.

தென்கேம்டன் மக்கள் தம் தெருவில் சிமெண்ட் அரவை ஆலை வரக்கூடாதென்று வழக்காடி 2001 ஏப்ரலில் வென்றார்கள். சில நாட்களில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பு அவ்வெற்றியின் அடித்தளத்தைப் பறித்தது, ஆலை வந்தது. 2013 மே மாதம் நகரக் காவல்துறை கலைக்கப்பட்டு மாவட்டக் காவல்துறை பொறுப்பேற்றது. சைக்கிளில் மணி இல்லை, கார்க் கண்ணாடி கறுப்பு என்றெல்லாம் முதலில் அபராதச் சீட்டுகள் குவிந்தன, மக்கள் முணுமுணுத்தனர். பின்னர் நடைமுறை மாறியது. 2024இல் கொலைகள் 17. வரிச்சலுகை பெற்று ஆற்றோரம் எழுந்த கண்ணாடிக் கட்டிடங்களில் ஊரார்க்கு வேலை எத்தனை என்ற கேள்வி மட்டும் இன்னும் ஓயவில்லை. ஊர் திருந்தியது என்று வெளியார் இப்போது எழுதும் கட்டுரைகளையும் கேம்டன்வாசிகள் முன்னைய பட்டியல்களைப் படித்த அதே ஐயத்துடன்தான் படிக்கிறார்கள்.

டாயில் 2022 நவம்பரில் மறைந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 2018இல், அவ்வாலயத்தின் வட்டாரத்திலேயே பாழடைந்து கிடந்த கட்டிடம் ஒன்று புதுக்கப்பட்டு 'நிக் வெர்ஜீலியோ எழுத்தாளர் இல்லம்' ஆயிற்று. கவிதை வாசிப்புக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் உரிய இடம் அது. வெர்ஜீலியோவின் கல்லறை ஊரெல்லையில் ஹார்லி இடுகாட்டில், விட்மனின் கருங்கல் கல்லறைக்கு அருகில் உள்ளது. நினைவுக்கல்லைச் சொற்பொழிவு மேடையின் வடிவில் செய்து, அல்லி மலரைப் பற்றிய அவருடைய ஹைக்கூவை அதன்மேல் வெட்டியிருக்கிறார்கள். அங்கு செல்பவர் அதன் பின்னே நின்று, முதியவரின் கல்லறை இருக்கும் அவ்விடுகாட்டிலேயே, விரும்பினால் ஒரு கவிதை வாசிக்கலாம்.