அண்மை ஒளிப்படக்கலை: உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அண்மை ஒளிப்படக்கலை (மேக்ரோ): கைக்கெட்டும் சிறு பொருள்களை மிக அருகிலிருந்து எடுக்கும் ஒளிப்பட வகை. பொருள் தன் இயல்பான அளவிலேயே (1:1) சுருளிலோ உணரியிலோ பதிய வேண்டும் என்பது கறாரான இலக்கணம். விளம்பரங்களோ பாதி அளவுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிடுகின்றன. 1:1இல், எஃப்/8 துளையில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. உணரிக்கு வரும் வெளிச்சமும் கால் பங்காகக் குறைகிறது. காற்றில்லாத காலைப் பொழுதும் மென்மையாக்கப்பட்ட ஃபிளாஷும் இதனால்தான் தேவைப்படுகின்றன.

ஒளிப்படம் அறிமுகமான 1839ஐ ஒட்டியே இங்கிலாந்தின் டால்பட் பூச்சிச் சிறகுகளைச் சூரிய நுண்ணோக்கி வழியாகப் பதிவுசெய்தார். அதன்பின் நெடுங்காலம் இது பெரும்பாலும் ஆய்வுக்கூட வேலையாகவே இருந்தது.

அன்றாடப் பொருள் தன் அழகுக்காகவே படமானது இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில்தான். பெர்லின் கலைக் கைவினைப் பள்ளி ஆசிரியர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட், தானே செய்த கேமராவில் செடிகளை 30 மடங்கு வரை பெரிதாக்கி எடுத்தார். பூக்கடைப் பக்கம் அவர் போகவில்லை. சாலையோரத்திலும் ரயில் பாதைச் சரிவிலும் முளைத்த களைகளே போதுமாயிருந்தன. மாணவர்கள் பார்த்து வரையப் பல்லாண்டுகள் பயன்பட்ட இப்படங்களில் 120, 1928இல் ‘கலையின் ஆதி வடிவங்கள்’ என நூலானபோது அவருக்கு வயது 60ஐத் தாண்டியிருந்தது. சுருண்ட பெரணித் தளிர் அதில் ஆயர் செங்கோலாகவே நிமிர்ந்து நிற்கிறது. அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆகஸ்டில் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த ‘பெப்பர் எண் 30’ இன்னும் புகழ்பெற்றது. ஒளியூட்ட நேரம் பற்றி நூல்கள் ஒத்துப்போவதில்லை; மிக நீண்டது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. வளைவுகளுக்குப் பின்னாலிருந்தும் வெளிச்சம் தந்தது அந்தப் புனல்தான். சமையலறைத் தட்டுமுட்டுச் சாமானுக்கு இவ்வளவு பெருமை வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

35 மி.மீ. கேமராவுக்கான முதல் மேக்ரோ லென்ஸ் 1955இல் வந்த கில்ஃபிட் நிறுவனத்தின் ‘மேக்ரோ கிலார்’ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

சிங்கப்பூரில் 1950இல் ஒளிப்படச் சங்கம் தோன்றியது. சிற்றுயிர்ப் படங்களைப் பொறுத்தவரை 1989இல் ஜோசப் கோ வெளியிட்ட சிங்கப்பூர்ச் சிலந்திக் கையேடு முக்கியமானது. தூதரகப் பணியிலிருந்தவர் ஓய்வு நேர ஆர்வத்தில் செய்தது. கம்பத்துச் சிறுவர்கள் தீப்பெட்டியில் அடைத்து மோதவிட்ட சண்டைச் சிலந்தி (தியானியா பாமோயென்சிஸ்) இன்று லென்ஸ்காரர்களின் செல்லம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு இலைகளை நூலால் ஒட்டி நடுவே குடியிருக்கும். உடலின் மேற்புறம் நீலப்பச்சையாய் மின்னும். பின்னாளில் சிங்கப்பூர் ஒளிப்படக்காரர் நிக்கி பே எடுத்த கண்ணாடிச் சிலந்திப் படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன.

தீவின் வடக்கில், ஜோகூர் கடற்பாலத்தின் தென்முனையில் உள்ள உட்லண்ட்ஸில் இக்கலைக்குரிய இடம் அட்மிரல்ட்டி பூங்கா: 27 ஹெக்டேர், நடுவே சுங்கை சினா ஆறு, கரையில் அலையாத்தி மரங்கள். அங்கு முசுறு எறும்பு என்று நினைத்து எடுத்தது, கால்களை எண்ணிப் பார்த்தால் எறும்பு வேடமிட்ட குதிக்கும் சிலந்தியாக இருக்கக்கூடும்.

பூங்காவரை போகாமலும் முடியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியே போதும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒளி ஊடுருவும் புள்ளிகளாகத் தெரியும். தாளிக்கும்போது எழும் மணம் அவற்றில்தான் இருக்கிறது. அதே செடியில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவும் வளரலாம். இளம்புழு பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த சதைக்கொம்பை நாற்றத்துடன் நீட்டும். அஞ்சறைப்பெட்டிக் கடுகின் தோலில் வலைப்பின்னல் இருப்பதும் லென்ஸ் வைத்தால்தான் தெரிகிறது.

2021இல் வந்த ஐஃபோன் 13 புரோ, 2 செ.மீ. நெருக்கத்தில் படமெடுக்கும் வசதியைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது. பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து அசையாமல் ஆக்கி எடுப்பது முறையா என்ற விவாதம் தொடர்கிறது.