அவலநாடகமும் உணர்ச்சியும்

ஏதென்ஸ் அரங்கிலே பிறர் துயர் கண்டு மக்கள் கண்ணீர் வடித்தனர். அக்கண்ணீர் நன்றோ தீதோ என்பது கிரேக்க மெய்யியலாரிடையே எழுந்த வினா. வாடவிட வேண்டிய உணர்ச்சிகளுக்குக் கவிதை நீர் பாய்ச்சுகின்றது எனக் கருதிய பிளேற்றோ, 'குடியரசு' நூலின் 10ஆம் பகுதியிலே அத்தகைய கவிஞரைத் தமது இலட்சிய நகரினின்றும் விலக்கினார். ஆயினும், கவிதைக்காக உரைநடையில் வாதாட முன்வருவோர்க்குச் செவிசாய்ப்பதாகவும் கூறினார். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். கி.மு. 367 முதல் 20 ஆண்டுகள் அவரது கழகத்தில் இருந்த அரிஸ்டோட்டிலே அவ்வாதத்தை மேற்கொண்டார் எனலாம். போலச்செய்தல் குழந்தைப்பருவம் முதலே மனிதர்க்கு இயல்பு என்றார் அவர். இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பும் அவலநாடகம் அவற்றின் 'கதார்சிஸ்' நிகழவும் வழிசெய்கின்றது என்றார். அச்சொல்லை விளக்குவதாக 'அரசியல்' நூலில் வாக்களித்தார். எஞ்சியுள்ள 'கவிதையியல்' நூலிலோ அவ்விளக்கம் இல்லை. நோயாளிக்குப் பேதி கொடுத்தல் போன்றதே அது என 1857இல் யாக்கோப் பேர்னைஸ் வாதிட்டார். அரிஸ்டோட்டில் மருத்துவரொருவரின் மைந்தர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.